பத்தொன்பது புள்ளி நான்கு

புரொஜெக்டர் என்னுடையது.
வாடகை இரண்டாயிரம், முகூர்த்த நாளென்றால் மூன்று.
இத்தனை வருடத்தில் அது பார்த்ததெல்லாம்
மணமக்கள் மெதுவாகத் திரும்புவதும்
இதய வடிவத்துக்குள் சிரிக்கும் மாமனார்களும்தான்.
ஐப்பசி பன்னிரண்டு, இரவு,
அதைத் தார்ப்பாயில் சுற்றிக்
கலியமூர்த்தியின் டிராக்டரில் ஏற்றினோம்.

சத்திரத்தின் மேற்குச் சுவருக்கு எதிரே
பதினாறு நாளாய்க் கிடந்தது குறுவை நெல்.
கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை.
சாக்கு வந்த அன்று லாரி இல்லை.
லாரி வந்த அன்று மழை.
மழை விட்ட அன்று, உள்ளங்கையளவுக் கருவியில்
ஒரு பிடியைக் கொட்டி
எண்ணைக் காட்டினார்கள்.
பதினேழைத் தாண்டிவிட்டால்
அது நெல்லில்லை, ஈரம்.
எட்டிப் பார்த்தும் பாதிப்பேருக்குத் தெரியாத சின்ன எண்.
பூங்காவனம் மட்டும் அதைப் போனில் பிடித்து வைத்திருந்தாள்.

இதை மட்டும் காட்டு என்றாள்.
பழக்கதோஷத்தில் கேட்டேன்,
பின்னணியில் மியூசிக் போடவா?
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
19.4
இரண்டு மாடி உயரம்.
ராணி தங்கிய அறையின் சன்னலை
ஒன்று நெடுக்காக மறித்து நின்றது.
ஒன்பதின் வயிற்றில் ஒரு புறா விழித்துக்கொண்டது.
புள்ளி, நான் திட்டமிடவே இல்லை,
கல் யானையின் கண்ணில் போய் உட்கார்ந்தது.

வழிப்போக்கருக்குச் சோறு போடக் கட்டிய சுவர்.

ஒருவரும் கோஷம் போடவில்லை.
மன்னார்குடிக் கடைசிப் பேருந்து நின்றது.
நடத்துநர் இறங்கி அண்ணாந்து பார்த்தார்:
"பத்தொன்பதாம் தேதி, நாலாம் மாசமா?
என்ன படம்?"
கலியமூர்த்தி சொன்னார்.
பேருந்து புறப்பட நேரமாயிற்று.

பிறகு தீபாவளிப் பூச்சிகள் வந்தன,
வயலில் தின்றது போதாதென்று.
லென்ஸில் ஒட்டிய ஒவ்வொன்றும்
சுவரில் எருமைக் கன்றளவு ஊர்ந்தது.
நான்கின் காலை அரித்தது ஒன்று.
ஹாஜா மைதீன் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார்,
கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு விசிறுவது போல,
விடாமல், சலிக்காமல்.

பத்தே முக்காலுக்கு ஜீப்.
"புராதனச் சின்னத்தில் எவன் எழுதினது?"
எழுதலை சார்.
"அழி."
அணைக்கவா சார்?
"முதல்ல அழி. அப்புறம் அணை."
ஒரு காவலரை ஈரத்துணியோடு அனுப்பினார்.
நெருங்க நெருங்க, எண் அவர் முதுகில் ஏறியது.
தொப்பியில் ஒன்பதின் வளைவு,
இடுப்பில் யானைக்கண்.
துடைத்தார்.
துடைத்த கையின் மேலேயே விழுந்தது.
திரும்பினார், கண்கூசி,
அமிர்தகடேசன் என்ற பெயர்ப்பட்டை மேல் பாதி நான்கு.
உள்ளங்கையை விரித்தார்,
கொஞ்சம் வெளிச்சத்தை அள்ளிப் பார்ப்பவர் போல.
"எங்களுது பதினெட்டரை" என்றார்,
யாரிடம் என்று தெரியவில்லை,
"வலங்கைமான் பக்கம்."
என்னைக் கடந்து போகையில், குரலைத் தாழ்த்தி:
"ஃபோகஸ் கொஞ்சம் போயிருக்கு. பாரு."
பார்த்தேன்.
அணைக்கும் முன் இரண்டு நிமிடம்
அவ்வளவு துல்லியமாக எந்த மணப்பெண்ணையும்
நான் காட்டியதில்லை.

மறுநாள் தொல்லியல் துறையிலிருந்து ஒருவர் வந்தார்.
சுவரைத் தடவினார், நகத்தால் சுரண்டினார்,
விரலை முகர்ந்தார்.
என் புரொஜெக்டர் அப்போது ஸ்டேஷனில்,
எழுத்தர் மேசைக்கடியில்,
கழுத்தில் வழக்கு எண் கட்டிய அட்டை.
குவியலின் ஓரத்தில்
நெல் ஒரு விரல் நீளம் முளைத்திருந்தது.
அவர் எழுதியதைப் பூங்காவனம் தோளுக்கு மேலாகப் படித்தாள்:
சேதம் ஏதுமில்லை.
சுவரில் ஈரம் காணப்படுகிறது.

எவ்வளவு ஈரம் என்று கேட்டாள்.
அதற்கு என்னிடம் கருவி இல்லையேம்மா என்றார்.

எதிர்லதான் இருக்கு,
கேட்டு வாங்கிட்டு வரவா?